காகத்துக்கு எறியும் சவ்வு

வவுனியாக் கிளினிக்கின் மேசையில் ஒரு சிறு குப்பி நிற்கிறது. சன்னல் வெயில் அதற்குள் இறங்க, மருந்துநீரில் ஒரு வெள்ளைச் சவ்வு மெல்லப் புரள்கிறது. சண்டை ஓய்ந்து பாதை திறந்தபின் முல்லைத்தீவில் மறுபடியும் இறைச்சிக்கடை போட்டிருக்கும் மஸாஹிருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மாட்டின் இருதயத்தைப் போர்த்தியிருக்கும் சவ்வு. அவர் தினமும் உரித்துக் காகத்துக்கு எறிவது. மகள் ஷமீலாவின் இருதயத்து ஓட்டையைக் கொழும்பில் இதை வைத்துத்தான் மூடப் போகிறார்கள். "இதைப் பிடிச்சுக்கொண்டு பிள்ளையின்ர சொந்த உயிர்க்கலங்கள் வளரும், நானா," என்று டொக்டர் சம்மதப் படிவத்தை அவர் பக்கம் நகர்த்துகிறார். உதடு நீலம் பாரித்த ஷமீலா உம்மா ஸுல்பாவின் மடியில் கிடந்து மூச்சுக்குத் திணறுகிறாள். "உள்ளுக்குப் போய்க் கிழிஞ்சா என்ன செய்யிறது?" ஸுல்பா டொக்டரை விட்டுவிட்டுக் கணவனைக் கேட்கிறாள். மஸாஹிரின் பெருவிரலும் சுட்டுவிரலும் தம்பாட்டில் காற்றைப் பிடித்து இழுத்துப் பார்க்கின்றன. "கையால கிழியாது. எத்தினை தரம் இழுத்துப் பாத்திருக்கிறன். கத்திதான் வேணும்." சொன்ன பிறகே கத்தி என்ற சொல் அவர் காதில் விழுகிறது. ஸுல்பா மகளின் நெஞ்சைக் கையால் பொத்திக்கொள்கிறாள். மஸாஹிர் பேனையை எடுக்கிறார். மாட்டின் கழுத்தில் கத்தியை வைக்குமுன் நாளும் சொல்கிற பிஸ்மில்லாவை இன்றைக்கு இரண்டு தரம் சொல்கிறார். முதல் தரம் சத்தம் வரவில்லை.