படிக்காத அக்கா

"கூடப் பிறந்தவளே இப்படி இருந்தா, நான் யார்கிட்டங்க சொல்லி அழறது?"

கைபேசியில் தட்டி அனுப்பினாள் தையல்காரி.

கண்ணில் பிரஷர் ஏறிப் பார்வை குறைகிறவர்களுக்கான வாட்ஸ்அப் குழு அது. முகம் தெரியாத இருநூறு பேர். ஓரப்பார்வை சுருங்கிக்கொண்டே வந்து, தையல் மெஷினை மூடிப்போட்ட நாளிலிருந்து அவளுக்கு உலகமே அந்தக் குழுதான். வீட்டில் அவளும் அக்காவும் மட்டும். பேச்சு குறைந்து மாசக்கணக்காகிறது.

"அப்படி என்னம்மா பண்ணாங்க?" குரல் செய்தியில் கேட்டார் பழைய லாரி டிரைவர். அவருக்குப் பார்வை முழுசாகப் போய்விட்டது; வரும் செய்திகளைப் போனே படித்துச் சொல்லும்.

கொட்டித் தீர்த்தாள்.

"நம்ம பயம், தடுமாற்றம் பத்தி நீங்க எல்லாரும் இங்க எழுதினதைப் படிச்சுப் பாருன்னு அவகிட்ட போனை நீட்டினேன். மூணு தடவை. 'அப்புறம் பார்க்கிறேன்'னு போனைத் திருப்பிக் குடுத்துட்டா. நேத்து என்னை இடிச்சுட்டு, ஒரு வார்த்தை சொல்லாம போறா!"

பதில்கள் குவிந்தன.

"கல்நெஞ்சக்காரி!"

"எங்க வீட்லயும் இதே கதைதான்."

"அவங்களுக்கு வந்தாத்தான் தெரியும்."

படிக்கப் படிக்க மனசுக்கு இதமாக இருந்தது.

கடைசியாக மறுபடியும் டிரைவர்.

"ஒண்ணு கேட்கட்டுமா தங்கச்சி? இது கூடப் பிறந்தவங்களுக்கும் வரலாம்னு டாக்டர் சொல்லியிருப்பாரே. அக்கா கண்ணைக் காட்டினாங்களா?"

'ஒண்ணுமில்லைன்னு சொல்லிட்டா' என்று தட்டத் தொடங்கியவள் பாதியில் நின்றாள்.

அது ரெண்டு வருஷத்துக்கு முந்தின பேச்சு. அப்புறம் கேட்கவே இல்லை.

எழுந்து சமையலறைக்குப் போனாள்.

அக்கா டம்ளரில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். உள்ளே ஒரு விரலை விட்டு, தண்ணீர் எதுவரை ஏறியது என்று தொட்டுப் பார்த்தபடி.



"அக்கா... எப்பலேருந்து?"

அக்கா திரும்பவில்லை. "டாக்டர் உனக்குச் சொன்ன அதே மாசம்தான், எனக்கும் இருக்குன்னு சொன்னாங்க."

"ஏன்க்கா மறைச்சே?"

"நீ ராத்திரி பகலா அழுதுட்டிருந்தே. ரெண்டு பேரும் உட்கார்ந்து அழுதா அடுப்பை யாருடி பத்தவைக்கிறது?"

"அப்போ சொட்டு மருந்து... எனக்கு தினம் நீ விடுறே, உனக்கு யாரு விடுறா?"

"எனக்கு யாரு இருக்கா? நானேதான். பாதி கண்ணுக்கு, பாதி கன்னத்துக்கு" என்று சிரித்தாள் அக்கா.