மன்னர் சொல்லும்வரை

ஷார்ஜாவில் அரபி வீட்டு வாசலில் காவல் நின்றே காலம் கழித்த காஜா நவாஸ், ஏர்வாடிக்குத் திரும்பியதும் இணைய விளையாட்டு ஒன்றில் மன்னரானான். மன்னர் சொல்லும்வரை சபையில் யாரும் உட்காரக் கூடாது. அந்த ஒரு சட்டத்தை அவன் ஷார்ஜாவிலிருந்து கொண்டுவந்திருந்தான்.

தங்கை புருஷன் சதக்தான் அந்த விளையாட்டில் தளபதி. ஒருநாள் சபைக்குத் தாமதமாக வந்த தளபதியை மன்னர் நிற்கவைத்தார். உட்காரச் சொல்வதற்குள் மற்ற பிரபுக்கள் கூடி மன்னரைக் கவிழ்த்துவிட்டார்கள். காஜா போனை அணைத்துத் தூர எறிந்தான்.

அடுத்த வெள்ளிக்கிழமை தங்கை ஹுமைரா வந்தாள். "காக்கா, அவுக அன்னையிலருந்து உக்காரவே இல்ல. சோறும் நின்னுக்கிட்டு, தூக்கமும் நின்னுக்கிட்டு. டாக்டர் அமுக்கிப் பாத்தாரு, முட்டி மடங்க மாட்டேங்குது. நீங்க வந்து ஒரு வார்த்தை சொல்லுங்க."

காஜா போனான். கூடத்தில் சதக் வீங்கிய கால்களோடு நின்றிருந்தான்.

"உக்காருங்க மாப்ள."

சதக் வருத்தத்தோடு சொன்னான்: "நீங்க இப்ப மன்னர் இல்லியே மச்சான்."

காஜா நாற்காலியில் உட்கார்ந்து போனைத் திறந்தான். சாதாரணக் குடியானவனாகப் பெயர் பதிந்து சபைக்குள் போய், தளபதிக்காக மன்றாடி எழுதினான். புதிய மன்னர் யாரென்று ஒருவருக்கும் தெரியாது. பழைய சட்டத்தை அவரும் மாற்றவில்லை. படித்துவிட்டு, "நீயும் நில்" என்று மட்டும் எழுதினார்.

ஹுமைரா தேத்தண்ணி கொண்டுவந்தபோது அண்ணனும் நின்றிருந்தான். இருவருக்கும் நின்றவாக்கில் கொடுத்துவிட்டு, அவள் நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சுவரோரம் வைத்தாள்.