ஆமென் வரைக்கும்

மருந்து தொடாத சபை அது. தொற்காளின் மகள் யெமிமாள் சர்க்கரை ஏறி மயங்கிக் கிடந்தபோதும் வீட்டில் ஜெபம்தான் நடந்தது. பள்ளிக்கூடத்து டீச்சர் புகார் கொடுக்க, பிள்ளையை அரசு காப்பகத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். தினமும் ஊசி போடச் சம்மதித்தால் வீட்டுக்கு அனுப்புவதாக அதிகாரி சொன்னார். "கர்த்தர் தந்த பிள்ளைக்கு சர்க்கார் தகப்பனா?" என்று கேட்டுவிட்டு வந்த புருஷன் அப்புறம் அந்த வாசலை மிதிக்கவில்லை.

தொற்காள் மட்டும் பார்க்க வந்தாள். மகளின் ஒட்டிப்போன கன்னத்தில் சதை பிடித்திருந்தது. அதற்குச் சந்தோஷப்படலாமா என்று அவளுக்குத் தெரியவில்லை. பேசிக்கொண்டிருக்கும்போதே நர்ஸ் ஊசியோடு வந்துவிட்டாள்.

"கொஞ்சம் பொறுங்க சிஸ்டர், ஜெபம் பண்ணிக்கிறேன்."

"பண்ணுங்கம்மா. ஆமென் சொன்னப்புறம் போடுறேன்."

தொற்காள் மகளின் தலையில் கைவைத்தாள். சுகம் கேட்டாள், மன்னிப்புக் கேட்டாள். புருஷனுக்காக, அதிகாரிக்காக, வாசலில் நின்ற காவலாளிக்காகக்கூட மன்றாடினாள். சொல்ல ஒன்றும் இல்லாமல் போனதும் ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம் என்று நீட்டினாள். முடித்தால் ஊசி இறங்கிவிடும். நர்ஸ் தலைகுனிந்தபடியே காத்து நின்றாள்.

உள்ளங்கைக்குக் கீழே தலை அசைவது தெரிந்து தொற்காள் கண்ணைத் திறந்தாள். யெமிமாள் தன் சட்டைக் கையைத் தானே சுருட்டிவிட்டுக்கொண்டிருந்தாள்.

"ஊசி போட்டப்புறம்தாம்மா சோறு தருவாங்க. பசிக்குது," என்று கிசுகிசுத்தாள். பிறகு நர்ஸுக்குக் கேட்கும்படி சத்தமாகச் சொன்னாள்:

"ஆமென்."