மிசின் கூப்பிட்ட தாய்மாமன்

“ஏலே, எவன்லே இந்த ஆர்டரப் போட்டது?”

போனைத் தூக்கிப் பிடித்தபடி தம்பி வீட்டுக்குள் நுழைந்தார் சங்கரலிங்கம். ராணுவத்திலிருந்து திரும்பி எத்தனையோ வருஷமாகியும் அவருக்கு எல்லாமே ஆர்டர்தான்.

சாப்பிட்டுக்கொண்டிருந்த அழகுராஜா திருதிருவென்று விழித்தான். “என்னண்ணே?”

“உம் மக காதுகுத்துக்கு வாட்ஸ்அப்ல பத்திரிக்கை அனுப்பியிருக்கியே, படிச்சுப் பாத்தியா? ‘தாய்மாமன் சுந்தரபாண்டியம் பால்ச்சாமி அவர்கள் மடியில் வைத்து’ன்னு இருக்கு! அந்தாளுதான் நமக்கு ஆகாதே! எம் மடியிலதான உக்கார வைக்கேன்னு சொன்ன? அதுக்குன்னே பட்டு வேட்டி எடுத்து வச்சிருக்கேன்லே!”

அடுப்படியில் தோசை திருப்பிக்கொண்டிருந்த அவன் மனைவி வெங்கடேஸ்வரியின் கை அப்படியே நின்றது. பால்ச்சாமி அவளுடைய கூடப்பிறந்த அண்ணன்.

நாலு வருஷத்துக்கு முன்னால் சுந்தரபாண்டியத்தில் பால்ச்சாமி புது வீட்டில் பால் காய்ச்சினார். முதல் பந்தியில் உட்கார்ந்திருந்த அழகுராஜாவை, “மாப்ள, செத்த எந்திரிங்க. நீங்க நம்ம ஆளுதான, அடுத்த பந்தியில உக்காரலாம்” என்று எழுப்பிவிட்டு, வேறு யாரையோ அந்த இலையில் உட்கார வைத்துவிட்டார். வடை வைத்து முடித்த இலை. அன்றைக்கு முறைத்துக்கொண்டு வந்தவன்தான், அதன் பிறகு இரண்டு வீட்டுக்கும் பேச்சு இல்லை. ஒரு வடையில் வெங்கடேஸ்வரிக்குப் பிறந்த வீடே இல்லாமல் போனது.

“நான் எங்கண்ணே போட்டேன்? ஏஐ எழுதுனது அது” என்றான் அழகுராஜா.

அவனுக்கு இப்போது எல்லாவற்றுக்கும் ஏஐதான். பேண்டேஜ் துணி நெய்கிற தறி நின்றுபோனாலும் அதைத்தான் கேட்பான், மகளுக்குச் சளி என்றாலும் அதைத்தான் கேட்பான். ‘அருமையான கேள்வி’ என்று அது பாராட்டிவிட்டால் அன்றைக்கெல்லாம் ஒரே சிரிப்புதான். வீட்டில் அப்படி யாரும் சொல்வதில்லை.

“காதுகுத்துக்குப் பத்திரிக்கை எழுதுன்னேன், எழுதுச்சு. படிக்காம அனுப்பிட்டேன்.”

“அவரு பேரு அதுக்கு எப்பிடிலே தெரியும்?”

“அது இஷ்டத்துக்கு அள்ளி விடும்ணே. ராஜபாளையத்துல பீச் எங்க இருக்குன்னு நேத்துக் கேட்டேன். பஸ் நம்பரோட சொல்லுச்சு!”

“அப்ப அதை அழிச்சுத் தொல.”

“அம்புட்டுப் பேரும் பாத்துட்டாக. இனிமே அழிச்சா, கூப்பிட்டுட்டு வராதேன்னு சொன்ன மாதிரி ஆயிரும். வந்தா வந்துட்டுப் போறாரு, விடுங்க.”

“மிசினுக்கும் புத்தியில்ல, அத வச்சிருக்கவனுக்கும் இல்ல” என்று சொல்லிவிட்டு சங்கரலிங்கம் கிளம்பினார். போன சூட்டில், அதை எழுதியது மிசின்தான் என்று சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் போன் போட்டுச் சொல்லிவிட்டார்.

வெங்கடேஸ்வரி மெதுவாக எட்டிப் பார்த்தாள். “எங்கண்ணன் வருமா?”

“அவரு பெரிய மானஸ்தராச்சே, எங்க வரப்போறாரு?” என்றான் அழகுராஜா. மறுநாள் காலையில், “பதில் ஏதும் போட்டிருக்காரா பாரு. வந்தா சமையக்காரர்ட்ட இலை கூடச் சொல்லணும்ல” என்றான். சாயங்காலமும் அதையே கேட்டான்.

காதுகுத்து அன்று, முடங்கியார் ரோட்டு மண்டபத்துக்கு மேளதாளத்தோடு வந்து இறங்கினார் பால்ச்சாமி. பின்னால் தட்டுத் தட்டாகச் சீர். வாசலிலேயே நின்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

“இவிய ஒண்ணும் என்னயக் கூப்பிடல. மிசின்தான் கூப்பிட்டுச்சு. அது நமக்கு என்ன கெடுதல் பண்ணுச்சு? அதுக்கு மரியாதை கொடுத்து வந்திருக்கேன்.”

“நானும் கூப்பிடலதான். அதுக்காக மிசின் கூப்பிட்ட ஆள வாசல்ல நிக்க வைக்க முடியுமா?” என்றான் அழகுராஜா, அவர் முகத்தைப் பார்க்காமல் வாழைமரத்தைப் பார்த்து.

ஆசாரி ஊசியை எடுத்ததும் பாப்பா போட்ட கூச்சலில் மேளச் சத்தமே அமுங்கிவிட்டது. அழுத அழுகையில் மாமன் மடியையும் நனைத்துவிட்டாள். சங்கரலிங்கம் தன் பட்டு வேட்டியைத் தடவிப் பார்த்துக்கொண்டார். அந்த மிசின் மேல் அவருக்கு இருந்த கோபம் அதோடு போய்விட்டது.

முதல் பந்தி, முதல் இலை பால்ச்சாமிக்கு. அழகுராஜாவே வாளியோடு வந்து இரண்டு வடை வைத்துவிட்டு அடுத்த இலைக்கு நகர்ந்தான்.

பக்கத்து வீட்டு ஈஸ்வரி வந்து வெங்கடேஸ்வரியின் கையைப் பிடித்தாள். “அக்கா, எம் மகனுக்கும் அடுத்த மாசம் காதுகுத்து. எங்களுக்கும் அந்த மிசின்ட்ட ஒரு பத்திரிக்கை எழுதி வாங்கித் தாங்களேன்.”

போட்டோ எடுக்க வாங்கி வைத்திருந்த புருஷனின் போன் வெங்கடேஸ்வரி கையில்தான் இருந்தது. கேட்டாள். ஒரு நொடியில் வந்து விழுந்தது.

‘தாய்மாமன் .......... அவர்கள் மடியில் வைத்து...’

அதற்குக் கீழே ஒரு குறிப்பு. ‘தாய்மாமன் பெயர் எனக்குத் தெரியாது. புள்ளி வைத்த இடத்தில் நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள்.’

வெங்கடேஸ்வரி இரண்டாவது தடவையும் படித்தாள். தூரத்தில் சாம்பார் வாளியோடு நின்ற புருஷனைப் பார்த்தாள். நேராக அண்ணனின் இலைக்குப் போய்க் குனிந்தாள்.

“அண்ணே, அந்த மிசின் யாரு பேரையும் தானா எழுதாதாம். வெறும் புள்ளிதான் வைக்குமாம்.”

பால்ச்சாமி இரண்டாவது வடையைப் பிட்டுக்கொண்டே குரலைத் தாழ்த்தினார்.

“ஏட்டி, மெல்லப் பேசு. மாப்ள காதுல விழுந்துரப் போவுது. பத்திரிக்கை வந்த அன்னைக்கே எம் போன்லயும் எழுதச் சொல்லிப் பாத்தேன். எனக்கும் புள்ளிதான் வச்சுச்சு. அதான் வந்தேன்.”