யார் பதில் சொன்னாலும் நம்பு

"தம்பி, உனக்கு மனசுன்னு ஒன்னு இருக்கா, இல்லையா?"

வள்ளிநாயகி போட்ட சத்தத்தில் எடை மேடை அறையின் கண்ணாடி அதிர்ந்தது. வெளியே கோலா கிளாவாங் சாலை வரைக்கும் லோரிகள். எல்லாவற்றிலும் எண்ணெய் பிழியும் செம்பனைக் குலைகள். முதல் லோரி அவளுடையது. காலையில் மேடையில் ஏறியது, இன்னும் இறங்கவில்லை.

பிரெண்டன் கணினியிலிருந்து தலையை எடுக்கவில்லை. புது மென்பொருள் போட்டுவிட்டு வரச் சொல்லி, செனாவாங் தலைமை அலுவலகம் அவனை ஆலைக்கு அனுப்பியிருந்தது.

"கொஞ்சம் பொறுங்கக்கா. கனெக்ட் ஆக மாட்டேங்குது."

"நீ பொறுப்ப. பழம் பொறுக்குமா? வெயில்ல வெந்துச்சுன்னா திருப்பி அனுப்பிருவாங்க. அப்புறம் என் புள்ளைங்களுக்கு உன் கம்ப்யூட்டரையா அவிச்சுப் போடறது?"

வாசலில் நின்றவர்கள் சிரித்தார்கள். சிரிப்பில் கோபம்தான் அதிகம்.

ஆலை மேனேஜர் குணாளன் இரண்டு கையிலும் பாலில்லாத குளிர்த் தேநீரான தே ஓ ஐஸ் பொட்டலங்களோடு வந்தார்.

"குடிங்கம்மா, குடிங்க. என்ன தம்பி பிரச்சினை?"

"எடை இங்கேர்ந்து நம்ம சர்வருக்குப் போகணும் சார். அங்கேர்ந்துதான் ரசீது வரும். அனுப்பறதுக்கு முன்னாடி, எதிர்ல இருக்கறது நம்ம சர்வர்தானான்னு சான்றிதழைக் கேட்டுப் பார்க்கும். இப்ப வர்ற சான்றிதழ்ல பேரு சரியா இருக்கு. ஆனா நம்ம கம்பெனி கொடுத்தது இல்ல."

"பழசு இதெல்லாம் கேட்டதே இல்லையே?"

"பழசுல 'சரிபார்க்காதே'ன்னு செட்டிங் வச்சிருக்காங்க சார். யார் பதில் சொன்னாலும் நம்பிரும்."

"இதுலயும் அதையே போட்டுரு லா. ஒரு கிளிக்தானே?"

"முடியாது சார்."

அவ்வளவுதான். வாசலே எகிறியது.

"முடியாதாம்ல! ஏர்கோன்ல உக்காந்துகிட்டு முடியாதாம்!"

"மிசின் நம்பலன்னா நீ நம்புடா! எங்க மூஞ்சியெல்லாம் திருட்டு மூஞ்சியாவா தெரியுது?"

குணாளன் கையை உயர்த்தினார். சத்தம் அடங்கியது. அவர் சொன்னால் அங்கே அடங்கும்.

"தம்பி, இவங்கெல்லாம் ரெண்டு ஏக்கர், மூனு ஏக்கர் வச்சுப் பொழைக்கிறவங்க. நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா பொறுப்பு என்னுது. வேணும்னா கையெழுத்துப் போட்டுத் தரேன். போதுமா?"

வள்ளிநாயகிக்குக் கண் கலங்கிவிட்டது.

"பாத்துக்க. மனுசன்னா இவரு மனுசன். வருசா வருசம் தீபாவளிக்கு வீட்டுக்கு ஒரு மூட்டை அரிசி, யாரு கொடுக்கறா? நீயெல்லாம் பெத்தவகிட்டயே சான்றிதழ் கேட்டுட்டுத்தான் அம்மான்னு கூப்பிடுவ போல!"

பிரெண்டனுக்குக் காது மடல் சிவந்தது. கை மௌசுக்குப் போனது. திரையில் 'சரிபார்க்காதே' என்ற அந்தச் சின்னக் கட்டம். ஒரு தட்டுத் தட்டினால் எல்லாரும் வீட்டுக்குப் போய்விடலாம். தன்னையும் நல்லவன் என்பார்கள்.

கை நின்றது. போனை எடுத்து, ஸ்பீக்கரில் போட்டான்.

"ரதிக்கா, நம்ம சர்வர் சான்றிதழோட கைரேகையைக் கொஞ்சம் வாசிங்க."

ஒவ்வொரு சான்றிதழுக்கும் கைரேகை மாதிரி ஓர் எண் வரிசை உண்டு. சந்தேகம் வந்தால், குரல் தெரிந்த ஆள் அதை வாசிக்க வாசிக்க ஒப்பிட்டுப் பார்ப்பது அவர்கள் அலுவலக வழக்கம்.

செனாவாங்கிலிருந்து ரதி வாசித்தாள். முதல் எண்ணே ஒத்துப்போகவில்லை.

"பிரெண்டன், இன்னொன்னு. காலையிலேர்ந்து உங்க மேடையிலேர்ந்து யாருமே இங்க நம்ம சர்வர் கதவைத் தட்டல."

"அப்ப எனக்கு இங்க பதில் சொல்றது யாரு, அக்கா?"

"அதை நீதான் பார்த்துச் சொல்லணும்."

பிரெண்டன் எழுந்தான். கணினிக்குப் பின்னாலிருந்த நீல ஒயரைப் பிடித்துக்கொண்டே போனான். அது சுவரில் இருந்த இணையத் துளைக்குப் போகவில்லை. பலகைத் தடுப்புக்கு அடியில் நுழைந்து மேனேஜர் அறைக்குள் போனது.

"ஏய், அது என் ரூம்!"

குணாளன் குரல் உயர்ந்து அவர்கள் கேட்டது அன்றுதான்.

"ஒயர்தானே சார், பாத்துத் தொலையட்டும். சீக்கிரம் முடிஞ்சா சரி" என்று வள்ளிநாயகியே முன்னால் போய்க் கதவைத் தள்ளினாள்.

மூலையில் இந்தத் தீபாவளிக்கு வாங்கி அடுக்கிய அரிசி மூட்டைகள். ஒயர் அவற்றுக்குப் பின்னால் போனது. வேலை நடக்கட்டும் என்று அவளே ஒரு மூட்டையைப் புரட்டினாள்.

பச்சை விளக்கைச் சிமிட்டிக்கொண்டு ஒரு கறுப்புப் பெட்டி உட்கார்ந்திருந்தது. டிபன் பெட்டி அளவுதான்.

பிரெண்டன் அதிலிருந்து ஒயரைப் பிடுங்கி, நேராகச் சுவர்த் துளையில் செருகினான்.

கணினி சான்றிதழைக் கேட்டது. வந்தது. ஏற்றுக்கொண்டது. ரசீது ஓடி வந்து விழுந்தது.

வள்ளிநாயகி அதை எடுத்துப் பார்த்தாள். திருப்பிப் பார்த்தாள்.

"லோரியும் பாரமும் சேர்த்து அஞ்சு டன்னுக்கு மேல போட்டிருக்கு. இதே லோரி, இதே ஏத்தம். ஒரு நாளும் அஞ்சைத் தொட்டதில்லையே?"

"நடுவுல அந்தப் பெட்டி உக்காந்துகிட்டு, நான்தான் சர்வர்னு பதில் சொல்லியிருக்குக்கா. உங்க எடையில கொஞ்சம் வெட்டி வேற யார் பேருக்கோ ஏத்திட்டு, மிச்சத்தைத்தான் அனுப்பியிருக்கு."

எல்லாரும் குணாளனைப் பார்த்தார்கள். குணாளன் சுவரைப் பார்த்தார்.

வள்ளிநாயகி கையிலிருந்த தே ஓ ஐஸ் பொட்டலத்தை அரிசி மூட்டை மேல் வைத்தாள். அன்று முதல் தடவையாக மெதுவாகப் பேசினாள்.

"அப்ப வருசா வருசம் நாங்க கையெடுத்துக் கும்பிட்டு வாங்கிட்டுப் போனது எங்க பழத்தைத்தானா, சார்?"