பின்பக்கம் மூடிய மோதிரம்

மனைவியின் கல்யாண வைர மோதிரம் என்ன விலை என்று யார் கேட்டாலும், “என் உயிர்தான்!” என்பார் கணவர்.

இன்று நகைப்பட்டறையில் அந்த உயிர் ஊசலாடியது.

“பின்பக்கம் மூடிக் கட்டியிருக்கு. திறந்து கட்டினா வெளிச்சம் புகுந்து கல்லு ஜொலிக்கும்மா” என்றார் பத்தர்.

“வேண்டவே வேண்டாம்! கழட்டுற சாக்குல கல்லை மாத்திடுவாங்க” என்று மனைவியின் காதைக் கடித்தார் கணவர்.

அது காதில் விழுந்த பத்தர், “கண்ணு முன்னாலயே கழட்டுறேன் சார்” என்றார்.

கழற்றிய கல்லை லென்ஸ் வைத்துப் பார்த்த பத்தர், “சுத்தமான வைரம்! பட்டை பிரமாதம்!” என்றார்.

“யாரை ஏமாத்துறே? நான் வாங்கினது கண்ணாடி!” என்று சீறிய கணவர், சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டார்.

மனைவி சிரித்தாள். “அது எனக்கு முதல் வருஷமே தெரியும். என் சம்பளத்துல வைரம் வாங்கி, உங்க மானத்துக்காக மறுபடியும் மூடியே கட்டச் சொன்னேன். உங்க வாயிலேர்ந்து ஒரு உண்மைதான் பாக்கி இருந்துச்சு. இன்னிக்கு வரவு வச்சுக்கிறேன்.”