இரண்டு ஆமைக்கு ஒரு தொட்டி

ஒரே வாளியின் கைப்பிடியை ஆளுக்குப் பாதியாகப் பிடித்துக்கொண்டு அந்த ஜோடி கடைக்குள் வந்தது. 'இந்தக் காலத்தில் இப்படி ஒரு ஒட்டுதலா, கண்படப்போகுது' என்று கடைக்காரர் நினைத்துக்கொண்டார்.

வாசல் பலகையில் அவர் 'நீர்வாழ் உயிரின ஆலோசகர்'. போன வருஷம் வரை அதே கடையில் செல்போன் உறை விற்றுக்கொண்டிருந்தார். பலகையும் சட்டையும்தான் மாறியிருந்தன. இப்போது வெள்ளைக் கோட்டு.

வாளிக்குள் சாப்பாட்டுத் தட்டு அகலத்தில் இரண்டு ஆமைகள், ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன.

"வாங்கும்போது பிஸ்கட் அளவுதான் இருந்துச்சு," என்றான் அவன். "இப்ப பழைய தொட்டியில திரும்பக்கூட இடமில்ல. மேல உக்காந்திருக்கறது மேனேஜர். கீழ நசுங்கறது கிளார்க்."

"மேனேஜர் என் செல்லம்," என்றாள் அவள்.

ஆலோசகர் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கண்ணாடித் தொட்டி ஒன்றைக் காட்டி விலையைச் சொன்னார்.

"இந்தக் காசுக்கு நாமளே உள்ள குடிபோயிடலாமே!" என்றான் அவன்.

அவள் சிரித்தாள். பாதியிலேயே நிறுத்திக்கொண்டாள்.

அடுத்து, மீன் வளர்க்கிறவர்கள் வாங்கும் நீலப் பிளாஸ்டிக் தொட்டி. ஆறடி நீளம், கண்ணாடித் தொட்டியின் விலையில் கால் பங்கு.

"பால்கனியில போட்டுடலாம். கதவு எவ்வளவு அகலம்மா?" என்று ஆலோசகர் அவளிடம் கேட்டார்.

அவள் அவனைப் பார்த்தாள். "ரெண்டரை அடி. சாய்ச்சு உள்ள கொண்டுபோயிடலாம்," என்றான் அவன்.

"அங்க வெயில் வருமா?" என்று கேட்டாள் அவள்.

"காலையில வரும்."

"காக்கா?"

"வலை அடிச்சிருக்கேன்."

வீட்டில் வெயில் எந்தப் பக்கம் விழுகிறது என்றுகூடத் தெரியாத வீட்டுக்காரி! வேலைக்குப் போகிற பெண்களே இப்படித்தான் என்று ஆலோசகர் மனசுக்குள் தீர்ப்பு எழுதிவிட்டார்.

அவன் மூலையில் கிடந்த சின்னத் தொட்டிகளைத் தட்டிப் பார்த்தான். "இதுல ரெண்டு எடுத்துட்டா? தனித்தனியா விட்டுடலாம். பெரிசைவிட மலிவாத்தான் வரும்."

ஆலோசகர் பாய்ந்து வந்து சின்னத் தொட்டிகளை மறைத்து நின்றார்.

"ஐயையோ! ஜோடியா வளர்ந்த ஆமையைப் பிரிக்கவே கூடாது சார். ஒண்ணைக் கொண்டுபோனா இன்னொண்ணு சாப்பிடாம கொள்ளாம, ஏங்கி ஏங்கியே செத்துப்போயிடும். ஆராய்ச்சி பண்ணிச் சொல்லியிருக்காங்க."

அந்த ஆராய்ச்சி அந்த நொடியில் அவர் நாக்கில்தான் நடந்தது. காலையில் வந்த ஒருவரிடம், ஆமைக்குத் துணையே ஆகாது என்று சத்தியம் செய்து சின்னத் தொட்டியைத் தலையில் கட்டியிருந்தார்.

அவன் தட்டிக்கொண்டிருந்த கையை எடுத்தான். அவள் வாளியருகே குத்துக்காலிட்டு உட்கார்ந்து மேனேஜரின் ஓட்டைத் தடவினாள். அது தலையை உள்ளே இழுத்துக்கொண்டது. மறுபடி தலை வெளியே வரும்வரை அவள் விரலை எடுக்கவில்லை.

"பெரிசையே போடுங்க," என்றாள்.

ஆலோசகர் வெற்றிக் களிப்போடு பேனாவைத் தேடினார்.

"மேனேஜர் உன்கூட வர்றதாத்தானே பேச்சு?" என்றான் அவன்.

அவள் எழுந்தாள். வாளியை முழுசாக அவன் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

"நம்மளோட போகட்டும்ங்க, நம்ம டைவர்ஸ்."